மங்களம் முடிந்தபின் ஒரு பாய் போடுங்கள்

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எங்கள் வடமேற்குக் கரையிலும் உள்ள கோயில் பரிபாலன சபையினர், பங்குச் சபையினர், விழாக் குழுவினர், கலியாண வீட்டார் அனைவருக்கும்,



புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பக்கம், களப்பை ஒட்டி இருக்கிற கரைத்தீவிலிருந்து எழுதுகிறேன். கரைத்தீவு என்றால் விபுலாநந்த அடிகள் பிறந்த அம்பாறைக் கரைத்தீவுதான் பலருக்கு நினைவு வரும். எங்களூர் வேறு. ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் காடு. இங்கிருந்து புறப்பட்டுப் போய், மெல்லிசைக் குழுக்களில் தபேலாவும் டோலக்கும் வாசிப்பதுதான் என் தொழில். கோயில் திருவிழா, சேர்ச் பெருநாள், கலியாணம், பாடசாலை விழா என்று நீங்கள் அழைத்த இடத்துக்கெல்லாம் வந்திருக்கிறேன். உங்களில் பலரை முகம் பார்த்துத் தெரியும். உங்கள் ஊர்ச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். நிகழ்ச்சி முடிந்த அதே இரவில் கலைஞர்களையும் வான் சாரதியையும் ஊருக்கு அனுப்பாதீர்கள். படுக்க இடம் கொடுங்கள். விடிந்தபின் வழியனுப்புங்கள்.

இது பெரிய காரியமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் பருவம் எப்படிப்பட்டது என்று பார்த்தால் விளங்கும். ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும். 25 நாள் திருவிழா. உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு ஆடியில். முன்னேஸ்வரத்து மகோற்சவம் ஆவணியை ஒட்டி. கொழும்பில் ஆடிவேல். மடுமாதா பெருநாள் ஓகஸ்ட் 15. தலவில புனித அன்னம்மாள் பெருநாளும் அதே பருவத்தில் வரும். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த நாள்களும் சேர்ந்துகொள்ளும். வருடத்து வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில கிழமைகளில்தான் வருகிறது. அதனால் வந்த ஓட்டத்தை விடமாட்டோம். இன்றிரவு சங்கானை என்றால் நாளை வவுனியா, மறுநாள் மட்டக்களப்பு, அதற்கடுத்த நாள் அட்டன். கடைசி நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் இரவில், அத்தனை நாள் சேர்ந்த அசதியும் வானுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும்.

எங்களுக்கு மட்டும் இந்த நிலை இல்லை. நாதஸ்வரக்காரர், தவில்காரர், கூத்துக்காரர், பாண்ட் வாத்தியக்காரர் எல்லாருக்கும் இதே பருவம், இதே இரவு. எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உடப்பில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு இருக்கிறது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் கைதட்டியும் கிண்ணமும் போத்தலும் தட்டியும் பாடுகிற மஞ்சா இருக்கிறது. முஸ்லிம் ஊர்களில் றபான் இருக்கிறது. இவர்களில் பலரைக் கொழும்பு மேடைகளுக்கும் அழைக்கிறார்கள். மேடையில் அவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எப்படி வீடு போய்ச் சேருவார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு.

முன்பு இப்படி இருக்கவில்லை. தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்கள் போட் மெயில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் பிடித்து, தலைமன்னாரில் இறங்கி யாழ்ப்பாணம் வந்த காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி ஓடியது. அத்தனை தூரம் வந்தவர்கள் ஓர் இரவு வாசித்துவிட்டு மறுநாள் திரும்பவில்லை. தங்கி வாசித்தார்கள். அவர்களுக்கு இருக்க இடமும் சமைக்க ஆளும் ஏற்பாடு செய்வது கோயிலின் கடமை, உபயகாரரின் கௌரவம். அந்த ஊட்டத்தில்தான் ஈழத்துத் தவில் வளர்ந்தது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்ற ஒருவர் இங்கிருந்து எழுந்து தமிழ்நாட்டையே தன் தவிலைக் கேட்கவைத்தார். அவர் 1975இல் மறைந்தார்; அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தவில்காரர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

நாதஸ்வரக்காரர் மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற மரியாதைக்காகப் போராடியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நின்று நின்று வாசித்தவர்களுக்கு உட்கார இடம் வேண்டும் என்று அவர் கேட்டார். இன்று நாங்கள் படுக்க இடம் கேட்கிறோம். இரண்டும் ஒரே மரியாதையைச் சேர்ந்தவை.

போர்க்காலத்தில்கூட எங்களைத் தங்கவைத்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. ஓமந்தைச் சாவடியும் முகமாலைச் சாவடியும் இரவில் மூடியிருக்கும். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதையே மூடப்பட்டது. இரவுப் பயணம் என்பது உயிரோடு விளையாடுகிற காரியம் என்று அழைத்தவருக்கும் தெரியும், போனவருக்கும் தெரியும். பாடசாலை மண்டபத்திலோ யாராவது வீட்டு விறாந்தையிலோ பாய் போட்டார்கள், படுத்தோம். போர் முடிந்தது. பாதை திறந்தது. காப்பெற் போட்டார்கள். அதற்குப் பிறகு உங்கள் வாயில் ஒரு புதிய வசனம் வந்தது: ‘ரோட்டு நல்லாத்தானே இருக்கு, விடியிறதுக்குள்ள போய்ச் சேர்ந்திடுவீங்க.’

அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனாலும் அந்த வசனத்தோடு எங்கள் படுக்கை போய்விட்டது. பாதை சீரானதும் தங்குமிடம் தேவையில்லை என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டோம். சாவடிக்கும் கண்ணிவெடிக்கும் பயந்த காலத்தில் இருந்த எச்சரிக்கை, தூக்கத்துக்கு இல்லாமல் போய்விட்டது.

ஒரு நிகழ்ச்சி இரவு மேடைக்குப் பின்னால் எப்படிப் போகிறது என்று முன்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. நோட்டீசில் எட்டு மணி என்று போட்டிருப்பீர்கள். நாலு மணிக்கே ஸ்பீக்கர் இறக்கி, வயர் இழுத்து, சவுண்ட் பார்த்து முடித்திருப்போம். பூசை முடிய வேண்டும், சுவாமி வெளிவீதி சுற்றி இருப்பிடம் சேர வேண்டும், பேச்சாளர்கள் பேச வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும். இதெல்லாம் முடிந்து மேடை எங்கள் கைக்கு வரும்போது பத்தரை ஆகியிருக்கும். ஒரு மணிக்கு முடிக்கப் பார்ப்போம். ‘இன்னும் ரெண்டு பாட்டு’ என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். கேட்கிறவர் இருப்பது எங்களுக்கும் சந்தோசம்தான், வாசிப்போம்.

பிறகு சாமான் கட்டுகிற வேலை. தபேலாவைத் துணி சுற்றிப் பைக்குள் வைக்கும்போது விரல் நுனி தீப்பட்டதுபோல எரியும். கடற்கரை ஊர் என்றால் ஈரக் காற்றில் தோல் இறங்கிக்கொண்டே இருக்கும்; பாட்டுக்குப் பாட்டு சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றியதில் மணிக்கட்டும் நோகும். பாடகி சுடுதண்ணீர்ப் போத்தலோடு ஒரு மூலையில் பேசாமல் இருப்பார். எல்லாம் ஏற்றி முடித்தபின் பணத்துக்காக நிற்போம். பொருளாளர் உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘கொஞ்சம் இருங்க தம்பி, கணக்கு முடிச்சுத் தாறம்’ என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். வான் புறப்படும்போது மூன்று மணி.

அந்த வானை ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். எங்களுக்காவது கைதட்டல் கிடைத்தது. அவரை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. நாங்கள் வாசிக்கும்போது அவர் தூங்கியிருப்பார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கே தூங்குவார்? வான் நிற்பது மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். பின் சீட் முழுவதும் பெட்டிகள். முன் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு கிடப்பார். கண்ணாடியை ஏற்றினால் வேர்க்கும், இறக்கினால் நுளம்பு. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் அதிகாலை மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பும்போது 21 மணி நேரம் விழித்திருக்கிறார்.

இதைப் பற்றி ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு மந்தமாகின்றன. பல நாடுகளில் சாரதிக்குச் சட்டம் போட்டிருக்கிற எல்லையே அதுதான். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம். குடித்த சாரதியின் வானில் உங்கள் பிள்ளையை ஏற்றுவீர்களா? ஏற்றமாட்டீர்கள். தூக்கமில்லாத சாரதியின் வானில் பாடகியை ஏற்றி, கதவைச் சாத்தி, ‘கவனமாப் போங்க’ என்று கையசைக்கிறோம்.

மனித உடம்பு அதிகமாகத் தூக்கம் கேட்கிற நேரம் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கும் விடிகாலை ஆறு மணிக்கும் இடைப்பட்டது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி அணைந்துவிடுவதும் அந்த நேரத்தில்தான் அதிகம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வான், நாலு நொடியில் 60 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். அந்தத் தூரத்துக்கு அதை ஓட்டுபவர் யாரும் இல்லை. முகம் கழுவுவது, கண்ணாடியை இறக்குவது, பாட்டைக் கூட்டி வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். பிளேன்டீயும் கோப்பியும் வேலை செய்ய அரை மணி நேரம் வரை பிடிக்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் திரும்புகிற வழியைச் சொல்கிறேன். ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம். அங்கிருந்து ஏ12இல் மேற்கே திரும்பி நொச்சியாகம, கருவலகஸ்வெவ வழியாகப் புத்தளம். இதுவரைக்கும் ஏறத்தாழ 270 கிலோமீற்றர். பிறகு வடக்கே எங்களூர்ப் பாதை. வன்னியில் தாரின் சூட்டுக்கு மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும். ஏ12இல் யானை ஏறும். புத்தளம் தாண்டி வண்ணாத்திவில்லுப் பக்கம் திரும்பினாலும் யானைதான். ஹெட்லைட் வெளிச்சத்தில் அது முதலில் இருட்டின் ஒரு பகுதியாகவே தெரியும். கண் விழிப்பாக உள்ளவனுக்கே பிரித்துப் பார்க்க நேரம் எடுக்கும்.

அந்த வழியில் ஒரு விடிகாலை நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். நொச்சியாகம தாண்டியிருந்தோம். பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். நான் முன் சீட்டில். சாரதி அண்ணன் நிமிர்ந்துதான் இருந்தார். இரண்டு கையும் ஸ்டேரிங்கில், கண் ரோட்டில். திடீரென்று என் பக்கம் திரும்பாமலே, ‘அந்தப் பாட்டை நிப்பாட்டுங்க தம்பி, தலை வலிக்குது’ என்றார். வானில் பாட்டு ஒன்றும் போகவில்லை. ரேடியோ அநுராதபுரத்திலேயே அணைத்தது. எனக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்து ஓரம் கட்டவைத்தேன். இறங்கி நின்றதும் அவருக்கே தெரிந்துவிட்டது. பேசாமல் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். வெயில் முகத்தில் அடிக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். அவர் முப்பது வருடம் வான் ஓட்டியவர், குடிக்காதவர், வேகமாக ஓட்டாதவர். அவரிடம் ஒரு பிழையும் இல்லை. அவருக்கு இல்லாமல் போனது ஓர் இரவுத் தூக்கம்.

எங்களுக்கு அன்று விடிந்தது. விடியாமல் போனவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 1956 ஜூனில் அமெரிக்காவில், மழை பெய்த ஓர் இரவில், அடுத்த நிகழ்ச்சிக்காக சிக்காகோவை நோக்கிப் போன காரில் ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் இறந்தார். வயது 25. அவரோடு பியானோக் கலைஞர் ரிச்சி பவலும் அவர் மனைவியும் போய்விட்டார்கள். 1986 செப்டெம்பர் 27 விடிகாலை, சுவீடனில், ஸ்டொக்ஹோமில் வாசித்துவிட்டுக் கோபன்ஹேகனுக்குப் போய்க்கொண்டிருந்த மெட்டாலிகா குழுவின் பஸ் கவிழ்ந்தது. பேஸ் கிற்றார் வாசித்த கிளிஃப் பேர்ட்டன் இறந்தார். வயது 24. நமக்குப் பக்கத்தில் கேரளத்தில், 2018 செப்டெம்பர் 25 விடிகாலை, வயலின் கலைஞர் பாலபாஸ்கர் திருச்சூரில் கோயில் வழிபாட்டை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு திருவனந்தபுரம் திரும்புகையில் கார் மரத்தில் மோதியது. சின்ன மகள் அன்றே போனாள். ஒரு கிழமை கழித்து அவரும் போனார். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். நேரத்தை மட்டும் பாருங்கள். எல்லாம் இரவு, இல்லையென்றால் விடிகாலை.

அமெரிக்கப் பாடகர் பட்டி ஹோலியின் கதை இன்னும் கிட்ட வருகிறது. 1959 பெப்ரவரி, அமெரிக்காவின் நடு மாநிலங்களில் கடுங்குளிர். சுற்றுப்பயண பஸ்ஸில் ஹீட்டர் பழுது. மேளம் வாசித்தவர் கால் விறைத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இன்னொரு முழு இரவு அந்த பஸ்ஸில் போக முடியாது என்று ஹோலி சின்ன விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அடுத்த ஊருக்கு முந்திப் போனால் அழுக்குத் துணியைத் துவைத்துக்கொள்ளலாம், ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்பதுதான் எண்ணம். விமானம் கிளம்பிச் சில நிமிடங்களில் விழுந்தது. அவருக்கு வயது 22. கூடப் போன பாடகர் ரிச்சி வலன்ஸுக்கு 17. ஊர் ஊராக ஓடவிட்டவர்கள் நடுவில் ஓர் இரவு ஓய்வு வைத்திருந்தால், அந்த விமானத்துக்குத் தேவையே வந்திருக்காது.

வெளிநாடுகள் இதிலிருந்து சிலதைப் படித்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ், லொறி சாரதி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எங்கள் வாடகை வான்களுக்கு அப்படி ஒரு கணக்குப் பார்க்க ஆளில்லை. நம் நாட்டில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் சாகிறார்கள்.

சிலர் கேட்பார்கள்: மன்னார் – புத்தளம் பழைய பாதையைத் திறந்தால் உங்களுக்குச் சுலபமாகிவிடாதா? உண்மைதான். பூநகரி வழியாக மன்னாருக்கு வந்து, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி தாண்டி, இலவன்குளத்தில் கலா ஓயாவைக் கடந்தால் நேராக எங்கள் ஊர்ப்பக்கம்தான். மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதை வில்பத்துக்குள்ளால் போகிறது. 1938இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். போர் முடிந்தபின் அந்த வழியே வாகனங்கள் ஓடின. காட்டைக் காக்கிறவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். காட்டோரத்தில் வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரவில் அந்தக் காடு அதில் வாழ்கிற உயிர்களுக்கு வேண்டும். எங்களை அரை மணி நேரம் முந்தி வீட்டில் சேர்க்க யானையின் வழியை மறிக்கத் தேவையில்லை. குறுக்குப் பாதை கிடைத்தாலும் தூங்காத சாரதி தூங்காத சாரதிதான். எங்களுக்கு வேண்டியது தூக்கம். அதைக் கொடுக்க நீதிமன்றமும் வேண்டாம், அமைச்சும் வேண்டாம். உங்கள் சபை கூடி முடிவெடுத்தால் போதும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சிறு கோயில், சிறு பங்கு. வீடு வீடாகப் போய்ச் சேர்த்த காசில் திருவிழா நடக்கிறது. லொட்ஜ் எடுத்துக் கொடுக்கக் கட்டாது. லொட்ஜ் யாரும் கேட்கவில்லை. அறநெறிப் பாடசாலை மண்டபம் இருக்கிறது. அன்னதான மடம் இருக்கிறது. பங்கு மண்டபம் இருக்கிறது. நிகழ்ச்சி இரவில் அவை பூட்டிக் கிடக்கின்றன. ஒரு சாவி, சில பாய்கள், ஒரு மின்விசிறி, தண்ணீர் உள்ள கழிவறை. பெண்கள் வந்தால் அவர்களுக்குப் பூட்டக்கூடிய தனி அறை, அல்லது நம்பிக்கையான ஒரு வீடு. இவ்வளவுதான் செலவு.

‘நாங்க தங்கச் சொன்னாலும் அவங்கதான் நிக்கிறாங்க இல்லையே’ என்றும் சொல்வீர்கள். அதுவும் உண்மை. கிழமைக் கணக்கில் வெளியில் இருந்தவனுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டால் கால் நிற்காது. பிள்ளை விடிந்ததும் பள்ளிக்குப் போய்விடும், அதற்கு முன் முகம் பார்க்க வேண்டும் என்று தோன்றும். நாளைக்கு இன்னொரு ஓட்டம் இருக்கும். சிலருக்குப் பகலில் வேறு வேலையும் இருக்கும். ஆசிரியர், தச்சர், கடைக்காரர் எங்களுக்குள் உண்டு. அதனால்தான் இதை எங்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள் என்கிறேன். அசதியில் இருப்பவனுக்குத் தன் அசதி தெரியாது. ‘சமாளிக்கலாம்’ என்றுதான் சொல்வான். விழாவின் பெரியவர்கள் நீங்கள். ‘படுத்திட்டு விடியப் போங்க’ என்று நீங்கள் உரிமையோடு சொன்னால் எங்களில் யாரும் மறுக்கமாட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள்களை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, எங்களுக்கு முற்பணம் தரும் நாளிலேயே தங்குமிடத்தையும் பேசி எழுதுங்கள். எத்தனை பேர், எங்கே படுப்பது, சாவி யாரிடம் என்பது நிகழ்ச்சிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் தேடுகிற இடம் கிடைக்காது.

இரண்டாவது, சாரதிக்கு வேறு இடம் கொடுங்கள். மேடைச் சத்தம் அதிகம் எட்டாத ஒரு வீட்டில், சாப்பாடு கொடுத்து, நிகழ்ச்சி தொடங்கும்போதே அவரைப் படுக்க அனுப்புங்கள். பெட்டி தூக்க உங்கள் ஊர் இளைஞர்கள் நாலு பேர் வந்தால் போதும். அந்த வேலையையும் அவர் தலையில் போடாதீர்கள்.

மூன்றாவது, நோட்டீசில் போட்ட நேரத்தைக் காப்பாற்றுங்கள். பொலிசார் தருகிற ஒலிபெருக்கி அனுமதியில் முடிக்கும் நேரம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பேச்சுகளையும் பொன்னாடைகளையும் அளவோடு வையுங்கள். கலைஞர்களுக்குக் கொடுத்த நேரத்தை மற்றவர்கள் எடுத்துவிட்டால், அந்த நேரம் எங்கள் தூக்கத்திலிருந்துதான் வெட்டப்படுகிறது.

நான்காவது, பேசிய பணத்தை மேடை ஏறுமுன் தந்துவிடுங்கள். இடைவேளையிலாவது தாருங்கள். கணக்கு முடியும்வரை எங்களைக் காக்கவைப்பதால் உங்கள் கணக்கில் ஒரு சதமும் மிச்சமாகாது.

ஐந்தாவது, வெகுமதி என்று நினைத்துக் கலைஞருக்கோ சாரதிக்கோ போத்தல் கொடுக்காதீர்கள். அசதியும் மதுவும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு கெடுதல். அந்தக் காசுக்கு விடியக் காலையில் இடியப்பமும் சொதியும் கொடுங்கள், வாழ்த்திவிட்டுப் போவோம்.

ஆறாவது, எதைச் செய்தும் தங்கவைக்க முடியாத நிலை வந்தால், இரண்டாவது சாரதிக்கு ஆகிற கூலியைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் நிகழ்ச்சியை மாலையில் வைத்து ஒன்பது மணிக்கு முடித்து அனுப்புங்கள். சனம் வரும். நல்ல பாட்டுக்கு எந்த நேரமும் சனம் வரும்.

சங்கீதத்தை மதிக்காத சமூகம் இல்லை நம்முடையது. காலில் விழுந்து கும்பிடுகிற பாட்டிகளையும், வாசித்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெரியவர்களையும் பார்த்தவன் நான். பாதுகாப்பாக வீடு சேரவேண்டும் என்று மனதார நினைக்கிறவர்கள்தான் நீங்கள். அந்த நினைப்பை ஒரு தீர்மானமாக எழுதிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மங்களம் பாடியதோடு நிகழ்ச்சி முடிந்துவிடுவதில்லை. கடைசிக் கலைஞனும் சாரதியும் தங்கள் வீட்டு வாசலில் இறங்கியபின்தான் உங்கள் விழா நிறைவு பெறுகிறது.

அடுத்த திருவிழாவுக்கான கூட்டம் விரைவில் கூடும். வரவுசெலவு எழுதும்போது பந்தல், ஒலி ஒளி, பூமாலை, அன்னதானம் என்று வரிசையாக எழுதுவீர்கள். அந்த வரிசையில் ‘கலைஞர், சாரதி தங்குமிடம்’ என்று ஒரு வரி சேருங்கள். அதற்குப் பொறுப்பாக ஒருவரின் பெயரையும் அதே கூட்டத்தில் எழுதிவிடுங்கள்.


தபேலாக் கலைஞன் ஒருவன்,
கரைத்தீவு, புத்தளம் மாவட்டம்.